கட்டைவிரலை ஒட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு

என் வக்கீல் அலுவலகத்துக்கு மறுபடியும் ஒரு கட்டைவிரல் எமோஜி வழக்கு. திருப்பூரில் ஏற்றுமதிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் சிறு நிறுவனம். ஆர்டர் கொடுத்தவரின் மெர்சண்டைசர், அதாவது ஆர்டரைக் கவனிக்கும் ஆள், இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்: சரக்கு இன்ன தேதிக்குள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்பட வேண்டும், தவறினால் விமானத்தில்தான் அனுப்புவோம், அந்தச் செலவு உங்கள் கணக்கில். தையல் யூனிட் முதலாளி செய்தியை அழுத்திப் பிடித்து, ஒரு கட்டைவிரலை ஒட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமாக வந்தது, தேதி தவறியது, அந்தச் செலவை இவர் கணக்கில் பிடிக்கும் டெபிட் நோட் வந்து சேர்ந்தது. எதிர்த்தரப்பு அந்தக் கட்டைவிரலை ஒப்புதல் என்கிறது. இவரோ, "பார்த்துவிட்டேன் என்று சொல்லத்தானே சார் போட்டேன்" என்கிறார்.

அடுத்து இவர் சொன்ன வாக்கியத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இதே போல் வரும் ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். "அது வெறும் பொம்மைதானே, நான் எங்கே கையெழுத்துப் போட்டேன்?"

ஐயா, ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 7-ஆம் பிரிவு கேட்பதெல்லாம், ஏற்பு முழுமையாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும். வழக்கமான, நியாயமான ஏதாவது ஒரு முறையில் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதுதான். வார்த்தையால் சொல்லாமல் நடத்தையால் காட்டும் வாக்குறுதியும் வாக்குறுதியே என்கிறது 9-ஆம் பிரிவு. தலையாட்டலும் ஏற்பாகலாம். மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு வேறு சொல்லிவிட்டது. நிலம் விற்பது, வீடு விற்பது போன்றவற்றுக்கு எழுத்தும் பதிவும் தேவை. அதைப் பார்த்துப் பழகியதால், எல்லாவற்றுக்கும் முத்திரைத்தாள் வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பனியன் தைப்பதற்கு வேண்டாம். லாரி வாடகைக்கு வேண்டாம். உங்கள் வியாபாரத்தில் அன்றாடம் நடக்கும் எதற்கும் வேண்டாம். கைநாட்டை நூற்றாண்டுக் கணக்கில் ஒப்புக்கொண்ட ஊரில் இருந்துகொண்டு, கட்டைவிரலுக்கு மதிப்பில்லை என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

இதற்காக எல்லாக் கட்டைவிரலும் ஒப்பந்தமாகிவிடும் என்று பதற வேண்டாம். ஒரே குறிக்கு இரண்டு நீதிமன்றங்கள் கொடுத்த இரண்டு பொருளைப் பாருங்கள்.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம். 2021 மார்ச்சில் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனத்தின் பிரதிநிதி, 80 டன்னுக்கு மேற்பட்ட ஆளிவிதைக்கான ஒப்பந்தத்தில் தன் கையெழுத்தை இட்டு, அதைப் படமெடுத்து ஒரு விவசாயியின் கைபேசிக்கு அனுப்பினார். ஒப்பந்தத்தை உறுதிசெய்யுமாறு கூடவே ஒரு வரி. பதிலாக வந்தது ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான். நவம்பரில் சரக்கு வரவில்லை. புஷலுக்கு (அங்கே தானியம் அளக்கும் அலகு) 17 டாலர் என்று பேசிய விலை அதற்குள் 41 டாலரைத் தொட்டிருந்தது. செய்தி கிடைத்தது என்று மட்டுமே சொன்னேன், முழு ஒப்பந்தமும் பிறகு வரும் என்று இருந்தேன் என்றார் விவசாயி. 2023 ஜூனில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. இதே இருவரும் முன்பும் இப்படித்தான் கைபேசியில் வியாபாரம் பேசியிருக்கிறார்கள். 'சரி' என்ற அளவிலான ஒற்றைச் சொல் பதில்களுக்குப் பிறகு தானியம் ஒழுங்காக வந்திருக்கிறது. பழைய நடத்தை இந்த விரலுக்குப் பொருள் கொடுத்துவிட்டது. இழப்பீடு 82,000 கனடா டாலருக்கு மேல். 2024 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அவர் தோற்றார்.

அதே 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வேறு கதை. 2018-இல் மேகாலயாவில் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்தி, அலுவல் வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டது. அதற்கு ஒரு காவலர் கட்டைவிரலைப் போட்டார். கொலையைக் கொண்டாடினார் என்று குற்றம்சாட்டி அவரைப் பணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். வாட்ஸ்அப் அவ்வளவாகப் பழக்கமில்லை, தவறுதலாகப் போட்டுவிட்டேன் என்பது அவருடைய விளக்கம். அந்தக் குறியை 'ஓகே' என்பதற்கு மாற்றாகவும் கொள்ளலாம், செய்தியைப் பார்த்ததாகத்தான் அது காட்டுகிறது, கொண்டாட்டம் ஆகாது என்று இரு நீதிபதிகள் அமர்வு சொல்லி, அவரை மீண்டும் பணியில் சேர்க்கும் உத்தரவை உறுதிசெய்தது.

கனடா விவசாயியைக் காப்பாற்றாத 'பார்த்தேன்' என்ற பொருள் இங்கே ஒரு காவலரைக் காப்பாற்றியது. ஒன்று ஒப்பந்த வழக்கு, மற்றொன்று ஒழுங்கு நடவடிக்கை. இரண்டின் அளவுகோலும் வேறு என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். உங்களுக்கு அதில் முக்கியமானது ஒன்றுதான். நீங்கள் ஒட்டிய குறிக்கு என்ன பொருள் என்பதை, ஆண்டுகள் கழித்து வேறொருவர் உட்கார்ந்து தீர்மானிப்பார். கும்பிடும் கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் குழுக்களில் அது வணக்கம், நன்றி, அனுதாபம், மன்னிப்பு, 'போதும் விடுங்கள்' எல்லாமாகவும் இருக்கிறது. கொட்டேஷனுக்குக் கீழே அதைப் போட்டால் எதிரில் உள்ளவர் எதை எடுத்துக்கொள்வார்?

அப்படியானால் வேலைக் குழுக்களில் செய்தியின் மேல் குறி ஒட்டும் இந்த ரியாக்‌ஷன் வசதியே வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை மென்பொருள்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் சேர்ந்து நிரல் எழுதும் கிட்ஹப் தளத்தில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினால் 'எனக்கும்', 'எனக்கும்' என்று பதில்கள் மலையாகக் குவிந்து, உருப்படியான பதில் அடியில் புதைந்துவிடும். அதனால் 2016-இல் அங்கே ரியாக்‌ஷன் வசதியைக் கொண்டுவந்தார்கள். எத்தனை பேருக்கு இந்தத் தொல்லை என்று எண்ணுவதற்கு அது நல்ல கருவி. யார் எதற்குச் சம்மதித்தார் என்று பதிவதற்கு அது கருவியே அல்ல. குழுவை அமைத்துத் தரும் நிறுவனங்கள் 'படித்தேன்' என்பதற்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதற்கும் தனித்தனிப் பொத்தான் கொடுத்தால் என் அலுவலகத்தில் கூட்டம் குறையும். எனக்கு வருமானம் போனாலும் பரவாயில்லை, கொடுங்கள்.

எதிர் வாக்கு மட்டும் வேலைக் குழுவுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற மென்பொருள் கேள்வி-பதில் தளத்தில் ஒரு பதிலுக்கு எதிர் வாக்கு போட்டால், போட்டவரின் புள்ளியிலும் ஒன்று குறையும். யோசித்துப் போடட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நம் குழுக்களில் கீழ்நோக்கிய விரலுக்கு எந்த விலையும் இல்லை, காரணமும் எழுதப்படுவதில்லை. விலையை மறுத்தாரா, தேதியை மறுத்தாரா, ஆளையே பிடிக்கவில்லையா? மறுப்பு என்றால் காரணத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பொம்மைதானே என்பவர்களுக்கு நேர் எதிர். அடுக்ககச் சங்கச் செயலாளர் பராமரிப்புக் கட்டண உயர்வைக் குழுவில் போடுகிறார், கட்டைவிரல்களை எண்ணுகிறார், "தீர்மானம் நிறைவேறியது" என்று அறிவித்துவிடுகிறார். உங்கள் சங்க விதிகளில் அறிவிப்புக் காலம், குறைந்தபட்ச வருகை, நடவடிக்கைக் குறிப்பு என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, அதை யாராவது படித்தீர்களா? கம்பெனி இயக்குநர்கள் கூட்டம் போடாமல் சுற்றறிக்கை வழியே தீர்மானம் எடுக்க 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 175-ஆம் பிரிவு வழி விட்டிருக்கிறது. அதற்கும் வரைவு, தேவையான ஆவணங்கள், அடுத்த கூட்டத்தில் பதிவு என்று முறை உண்டு. விரல் எண்ணிக்கை உண்மையான கருத்தையும் காட்டுவதில்லை. 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், ஒரு செய்தித் தொகுப்புத் தளத்தின் பின்னூட்டங்களுக்கு ஆய்வாளர்களே முதல் ஆதரவு வாக்கைச் செயற்கையாகப் போட்டுப் பார்த்தார்கள். அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடிவிட்டது. சங்கக் குழுவில் முதல் விரல் பெரும்பாலும் தலைவருடையது.

சரி, என்ன செய்ய வேண்டும்? பணம், தேதி, அபராதம், அளவு ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று செய்தியில் இருந்தால் விரலைத் தொடாதீர்கள். "படித்தேன், நாளைக் காலை பதில் சொல்கிறேன்" என்று எழுதுங்கள்; அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. சொன்னபடி மறுநாள் பதிலும் சொல்லுங்கள், மறந்துவிட்டு என்னிடம் வராதீர்கள். சம்மதம் என்றால் எதற்குச் சம்மதம் என்று தொகையையும் தேதியையும் உங்கள் பதிலிலேயே எழுதுங்கள். பல தளங்களில் செய்தியைத் திருத்தினாலும் பழைய குறி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு விலைக்குப் போட்ட விரல் வேறொரு விலைக்குக் கீழே நிற்கும். குழு தொடங்கும் அன்றே "இங்கே எமோஜி என்றால் பார்த்தேன் என்று மட்டுமே பொருள், ஒப்புதல் எழுத்தில்தான்" என்று ஒரு வரியைப் போட்டு மேலே பின் செய்துவையுங்கள். வழக்கு வந்தால் அந்த ஒரு வரி எவ்வளவு உதவும் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். டெலிகிராமில் குழு நிர்வாகி ரியாக்‌ஷனையே நிறுத்திவைக்கலாம்.

தகராறு கிளம்பிவிட்டதா? தயவுசெய்து போய் அந்தக் குறியை நீக்காதீர்கள். எதிர்த்தரப்பு அதைப் பார்த்த பிறகு ஏற்பைத் திரும்பப் பெற ஒப்பந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இடம் தராது. அவர்களிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். நீங்கள் மறைக்கப் பார்த்தீர்கள் என்ற பெயர்தான் மிஞ்சும். உரையாடலைக் கோப்பாக ஏற்றுமதி செய்து கொண்டுவந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். வாட்ஸ்அப் அப்படித் தரும் கோப்பில் செய்திகள் இருக்கும், அவற்றின் மேல் ஒட்டிய குறிகள் இருக்காது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழுக்கு அந்தக் கைபேசியின் விவரமும் தேவைப்படும். ஆகவே பழைய கைபேசியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாமல், உள்ளது உள்ளபடி எடுத்துக்கொண்டு வாருங்கள்.