ஈறுல வர்ற ரத்தம் இதய வால்வு வரைக்கும் போற கதை

பல்லு விளக்கி துப்பும்போது ரத்தம் வந்தா நம்மாளுங்க பேஸ்ட்டை மாத்துவாங்க, இல்லனா உப்புத்தண்ணி கொப்பளிப்பாங்க, அதோட மறந்துடுவாங்க. அது எவ்ளோ பெரிய புண்ணுன்னு வெளிய தெரியாதுங்க, அதான் பிரச்சனை.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல எல்லாருக்குமே 1ல இருந்து 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு இடுக்கு இருக்கும். காரை படிஞ்சு ஈறு வீங்கி பல்லை விட்டு விலக ஆரம்பிச்சா அது 5, 6 மி.மீ.ன்னு குழியாயிடும், பல் டாக்டருங்க பாக்கெட்னு சொல்றது இதைத்தான், அதோட உள்சுவர் பூரா தோல் உரிஞ்ச மாதிரி ரணமா கிடக்கும், அதுல கிருமி நெறைஞ்சு கிடக்கும். நீங்க முறுக்கு கடிச்சாலே போதும், அந்த ரணம் வழியா கிருமி ரத்தத்துல ஏறிடும்.

பெரும்பாலானவங்களுக்கு கல்லீரல், மண்ணீரல், வெள்ளணுக்கள்லாம் சேந்து கொஞ்ச நேரத்துல அதை க்ளியர் பண்ணிடும். ஆனா சின்ன வயசுல ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவங்க, செயற்கை வால்வு வச்சவங்க கதை வேற. வால்வு சொரசொரன்னு இருக்குற எடத்துல ரத்தத்தை உறைய வைக்கிற ப்ளேட்லெட்டும் (தட்டணு) ஃபைப்ரினும் (நார் மாதிரி புரதம்) படிஞ்சிருக்கும், வாயில இருக்குற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ் மாதிரி கிருமி அதுல ஒட்டிக்கும், மேல மறுபடி ஃபைப்ரின் மூடும், அதுக்குள்ள கிருமி பெருகும். வெள்ளணுக்கள் உள்ள நுழையறதே கஷ்டம், அதனாலதான் நாலுல இருந்து ஆறு வாரம் வரைக்கும் நரம்புல ஆன்டிபயாடிக் ஏத்த வேண்டியிருக்கு. இப்படி வால்வுல கிருமி கட்டியா வளர்ற நோய்க்குத்தான் எண்டோகார்டைட்டிஸ்னு பேரு. அந்தக் கட்டியில ஒரு துண்டு பிஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம்.

முன்னாடியெல்லாம் வால்வுல பிரச்சனை இருக்குற முக்கால்வாசி பேருக்கு பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் குடுப்பாங்க. 2007ல அமெரிக்க இதய சங்கம் இதை செயற்கை வால்வு, ஏற்கனவே இந்த நோய் வந்தவங்கன்னு ரொம்ப ரிஸ்க் உள்ளவங்களுக்கு மட்டும்னு சுருக்கிட்டாங்க. ஏன்னா என்னிக்கோ ஒரு தடவை பல்லு புடுங்கறதைவிட தினமும் மெல்லறதுலயும் விளக்கறதுலயும் ரத்தத்துல ஏறுற கிருமிதான் மொத்தத்துல அதிகம்.

இந்த நோய் 104 டிகிரி காய்ச்சல்னு அடிச்சுட்டு வரணும்னு இல்ல, லேசான காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறையறதுன்னு வாரக்கணக்குல இழுக்கும். வால்வு கோளாறு இருக்குறவங்க தயவுசெஞ்சு மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்கிடாதீங்க, அதைப் போட்டுட்டு அப்புறம் ப்ளட் கல்ச்சர் (ரத்தத்துல இருக்குற கிருமியை லேப்ல வளத்துப் பாக்குற டெஸ்ட்) எடுத்தா கிருமி வளராமலே போயிடலாம், எந்த மருந்து குடுக்கணும்னு டாக்டருக்கே தெரியாம போயிடும்.