லோகோ இருந்தால் செய்தித்தாள் ஆகிவிடாது

நீலகிரியில் மழை பிடித்துவிட்டால் எங்களைப் போன்ற மாவட்டச் செய்தியாளர்களுக்கு வேலை இரட்டிப்பாகிவிடுகிறது. நடந்ததை எழுத வேண்டும். நடக்காததை நடக்கவில்லை என்று நாள் முழுவதும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டும் இருக்க வேண்டும். அண்மையில், குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலை பர்லியாறு அருகே மண்சரிந்து துண்டிக்கப்பட்டதாக ஒரு நாளிதழின் லோகோவுடன் கூடிய நியூஸ் கார்டு, அதாவது செய்தியை இரண்டு வரியில் எழுதிய படம், விடியற்காலையில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அந்த நேரத்தில் அச்சாலையில் பேருந்துகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் கேத்தி பாலாடா பக்கத்தில், கழுவி மூட்டை கட்டிய கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்ற வேண்டிய சில விவசாயிகள் லோடை நிறுத்திவிட்டார்கள். கழுவிய கேரட் காத்திருக்காது என்பதால், அடுத்த நாள் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. விசாரிக்காமல் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டபோது வந்த பதில்தான் இதை எழுத வைக்கிறது: “பேப்பர்லயே வந்திருந்துச்சுங்களே.”

பேப்பரில் வரவில்லை. பேப்பரின் லோகோ ஒரு படத்தில் வந்திருந்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை எத்தனை முறை சொன்னாலும் படித்தவர்கள்கூட ஏற்க மறுக்கிறார்கள். லோகோவை இணையத்திலிருந்து எடுத்து, அதே நிறப் பட்டையில், அதே எழுத்துருவில், விருப்பமான வாக்கியத்தை அடித்து ஒட்டுவதற்குக் கைப்பேசி வைத்திருக்கும் பள்ளி மாணவனுக்குக்கூடச் சில நிமிடங்கள் போதும். செய்தித்தாளில் ஒரு வரி வருவதற்கு முன் அதை எழுதியவர், திருத்தியவர், பக்கம் முடித்தவர் என்று பலரின் கண்கள் அதன் மேல் பட்டிருக்கும். அதைவிட முக்கியமானது, கடைசிப் பக்கத்தின் அடியில் யாரும் படிக்காத பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரி: அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், எங்கே அச்சானது, ஆசிரியர் யார். 1867-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் கட்டாயமாக்கிய வரி அது. அதற்குப் பதிலாக 2023-இல் இயற்றப்பட்ட சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த பின்னரும் அந்த வரி இருக்கிறது. தவறாக எழுதினால் எந்தப் பெயருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். உங்கள் குழுவுக்கு வந்த கார்டில் அப்படி ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வகை, உண்மையான செய்தித்தாளின் பழைய துண்டு. 2009 நவம்பரில் இம்மாவட்டத்தில் பெய்த மழையில் மண்சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த நாட்களின் செய்தித் துண்டுகள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தேதி வெட்டப்பட்டு, இன்றைய செய்தியாகத் திரும்பி வருகின்றன. வீடியோக்களின் கதை இதைவிட மோசம். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பயணம் செய்த ஹெலிகாப்டர் குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தபோது, அங்கு போன செய்தியாளர்கள் உறுதியான தகவலுக்காகக் காத்திருந்த நேரத்திலேயே, சிரியாவில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு ஹெலிகாப்டரின் வீடியோ குன்னூர் விபத்தாக நாடு முழுவதும் பரவிவிட்டது. மலை ரயில் பாதையில் நின்றிருந்தவர்கள் எடுத்த உண்மையான காட்சி அதன் பிறகுதான் வெளியே வந்தது. “எல்லோரும் போட்டுவிட்டார்கள், நாம் மட்டும் ஏன் போடவில்லை?” என்ற கேள்வி ஒவ்வொரு பெரிய விபத்தின்போதும் அலுவலகத்தில் செய்தியைத் திருத்தி வெளியிடும் டெஸ்க்கிலிருந்து வரும், அதற்குப் பணிந்து போவதா இல்லையா என்பதில்தான் இன்று பாதிச் செய்தியாளர்களின் தூக்கம் கெடுகிறது.

பழி முழுவதையும் வாசகர் மேல் போட எனக்கு மனமில்லை. மலைக்கு வரும் நாளிதழ்க் கட்டுகள் கோவையில் அச்சாகி, இரவோடு இரவாகக் காட் ரோடு ஏறி வர வேண்டியவை; ஆகவே எங்கள் பக்கங்கள் சமவெளிப் பக்கங்களுக்கு முன்பே முடிக்கப்படுகின்றன. அதன் பிறகு விழும் மரமும் சரியும் மண்ணும் மறுநாள் இதழுக்கே போகும். அந்த இடைவெளியில்தான் கார்டு நுழைந்தது. அதை நுழைத்தவர்கள் எங்கள் நிறுவனங்களே. 2020 ஊரடங்கில், செய்தித்தாள் வழியாகக் கொரோனா பரவும் என்ற வதந்தியால் சந்தாவை நிறுத்திய வீடுகளில் பல திரும்பி வரவில்லை. பக்கங்கள் குறைந்தன, ஆட்களும் குறைந்தார்கள். மிஞ்சிய செய்தியாளரே பந்தலூரில் நின்றுகொண்டு படமும் வீடியோவும் கார்டுக்கான இரண்டு வரியும் ஒரே மூச்சில் அனுப்ப வேண்டியிருக்கிறது. தேதியும் எழுதியவர் பெயரும் இல்லாத கார்டை நம்பும்படி மக்களைப் பழக்கியவர்கள் நாம்தான் என்று கூட்டங்களில் சொல்லிப் பார்த்துவிட்டேன். லைக் கணக்கைக் காட்டி வாயை அடைத்துவிடுகிறார்கள்.

ஆகவே உங்களிடமே கேட்கிறேன். சாலை துண்டிப்பு என்று வந்தால், எந்த இடம் என்று முதலில் பாருங்கள். “ஊட்டி அருகே” என்பது ஓர் இடமே அல்ல. வீடியோவில் தெரியும் பெயர்ப்பலகையின் மொழியையும் வண்டியின் எண்ணையும் கவனியுங்கள். இமாச்சலத்து மண்சரிவை எங்கள் கல்லட்டி மலைப்பாதையில் நடந்தது என்று நம்பி அனுப்பிய உள்ளூர்க்காரர்களை நான் அறிவேன், கல்லட்டி வழியாகவே தினமும் போய்வருகிறவர்கள் அவர்கள்! சந்தேகம் இருந்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் பேசுங்கள். “நாளை பள்ளிகளுக்கு விடுமுறை” என்ற கார்டில் தேதி இல்லாவிட்டால் அதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். சென்ற ஆண்டின் ‘நாளை’யாகக்கூட அது இருக்கலாம். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7-இல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் ரத்தாகிவிட்டது என்று வரும் கார்டுகளுக்கும் இதுவே பொருந்தும். பல முறை பகிரப்பட்டதற்கு அடையாளமான இரட்டை அம்புக்குறி இல்லை என்பதால் அது புதிய செய்தி என்று வாதிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுபடி ஏற்றினால் அம்புக்குறி போய்விடும்.

லோகோவுக்கு உரிய நாளிதழின் இணையப் பக்கத்தையோ இ-பேப்பரையோ திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகும். அங்கேயே தவறாக வந்திருந்தால் சும்மா விடாதீர்கள். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணையத்தில் செய்தி வெளியிடும் நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும்; புகாரின் மீது அவர் 15 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். எழுத்தில் புகார் வந்தால் அலுவலகங்கள் அசையத்தான் செய்கின்றன.

குழு அட்மின்களிடம் ஒரு வேண்டுகோள். பொய் என்று தெரிந்ததும் நீங்கள் கார்டைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறீர்கள். அதற்குள் அது வேறு குழுக்களுக்குப் போயிருக்கும், அங்கே இருப்பவர்களுக்கு நீங்கள் அழித்தது தெரியாது. தயவுசெய்து, அந்தச் செய்தி தவறானது என்று தேதியுடன் அதே குழுவில் எழுதுங்கள். கார்டை அங்கிருந்து எடுத்துப் போனவர்கள் அதையும் எடுத்துப் போகட்டும்.