கியூரேட்டரும் விடுதிக் காப்பாளரும்

சென்னையில் எந்தக் கலைக்கூடத்துக்குள் நுழைந்தாலும் வாசலை ஒட்டிய சுவரில் ஒரு அறிமுகக் குறிப்பு இருக்கும். ஆங்கிலத்தில் நாலு பத்தி, அதற்குக் கீழே கடமைக்குத் தமிழில் ஒரு பத்தி. சில வருடங்களாக அந்தத் தமிழ்ப் பத்தியில் ஒரு சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: 'காப்பாளர்'. அதற்குப் பக்கத்தில் ஒரு பெயர். கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்து அடுக்கும் கியூரேட்டர் என்பவரைத்தான் இப்படிப் போடுகிறார்கள். போன மாதம் ஒரு தனியார் கூடத்தில் கூட வந்த அக்கா மகள் அதைப் படித்துவிட்டு, "மாமா, ஹாஸ்டல் வார்டனுக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டாள். அரசு விடுதியில் தங்கிப் படித்தவள். அவளுக்குக் காப்பாளர் என்றால் இரவு எட்டு மணிக்கு வருகைப் பதிவேட்டோடு வந்து நிற்பவர். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். வனத்துறையில் வனக்காப்பாளர் இருக்கிறார், அவரும் ரோந்து போகிறவர்தான். சுவரில் எழுதியவருக்குத்தான் இது எதுவும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கவலைப்படவில்லை.

கியூரேட்டரின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் 'கூரா' என்றால் அக்கறை, பராமரிப்பு. ரோமானியச் சட்டத்தில் கியூரேட்டர் என்பவர் புத்தி பிறழ்ந்தவருக்கும் 25 வயது நிரம்பாதவருக்கும் சொத்தைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர். ரோம் நகரின் குடிநீர் வாய்க்கால்களைக் கவனித்த அதிகாரிக்கும் இதே பட்டம்தான். கி.பி. 97-இல் ஃபிரான்டினஸ் அந்தப் பதவியில் இருந்தார். அந்தச் சொல் கிறிஸ்தவச் சபைக்குள் போய், ஆன்மாக்களைப் பார்த்துக்கொள்பவரைக் குறிப்பதாக ஆனது. பதினேழாம் நூற்றாண்டில் நூலகம், அருங்காட்சியகம் என்று வந்து சேர்ந்தது.

இந்த வழியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிற்க ஆசை. 1662-இல் லண்டன் ராயல் சொசைட்டி ராபர்ட் ஹூக் என்ற இளைஞரை 'சோதனைகளின் கியூரேட்டர்' என்று வேலைக்கு வைத்தது. வாராவாரம் கூடும் அறிஞர்கள் முன்னால் மூன்று நான்கு சோதனைகளைச் செய்து காட்டுவது அவர் வேலை. எதைக் காட்டலாம், எப்படிக் காட்டினால் புரியும் என்று யோசித்து ஏற்பாடு செய்தவர். எதையும் பூட்டி வைத்துக் காத்தவர் இல்லை. இன்றைக்குக் கண்காட்சிகளில் கியூரேட்டர் என்று சொல்லப்படுபவரின் சாயல் அவரிடம்தான் முதலில் தெரிகிறது.

'காப்பாளர்' கட்சிக்காரர்களின் வாதம் இந்த லத்தீன் வேரிலிருந்துதான் கிளம்புகிறது. மூலத்தில் பராமரிப்பு இருக்கிறது, ஆகவே தமிழிலும் காப்பு இருக்க வேண்டும் என்பார்கள். அருங்காட்சியகத் துறையில் 'காப்பாட்சியர்' என்ற பதவிப் பெயர் அரசாணையிலேயே இருக்கிறதே என்று அடுத்த சீட்டை இறக்குவார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அந்தச் சொல் அளவெடுத்துத் தைத்த சட்டை. அங்கே சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. காற்றில் ஈரம் ஏறினால், உப்புப் பட்டால், வெண்கலத்தில் பச்சைப் பொடி பூத்து உலோகத்தை அரிக்கத் தொடங்கும். திருவாலங்காட்டு நடராசருக்கு அப்படி ஒன்று வராமல் பார்த்துக்கொள்வது காப்புதான், ஐயமே இல்லை. அந்த வேலையைச் செய்பவரைக் காப்பாட்சியர் என்றால் நான் தலைவணங்கி ஒதுங்கிக்கொள்வேன். மாவட்ட ஆட்சியரின் தம்பி மாதிரி ஒலிக்கிறது என்பது என் சொந்தக் குறை, அதை விட்டுவிடலாம்.

கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் ஏழெட்டு நாள் நடந்து முடியும் ஒரு குழுக் கண்காட்சியில் யார் எதைக் காக்கிறார்? படங்கள் ஓவியர்களின் வீட்டிலிருந்து டெம்போவில் வந்தவை, விற்காதவை அதே டெம்போவில் திரும்பப் போகும். கியூரேட்டர் என்பவர் அதற்கு ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்கியிருப்பார். பத்துப் பட்டறைகளுக்குப் போயிருப்பார். நூறு படம் பார்த்து இருபதை எடுத்திருப்பார். எடுக்காத எண்பதுக்காக ஓவியர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். பிறகு எதற்குப் பக்கத்தில் எது என்று முடிவு செய்ய வேண்டும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் வருமாறு மாட்ட வேண்டும். காகிதத்தில் வரைந்த நீர்வண்ணம் என்றால் விளக்கை 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) மங்கலாக்க வேண்டும், எண்ணெய் வண்ணம் 200 வரை தாங்கும்.

பக்கத்தில் எதை வைப்பது என்பதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து மாதிரி இருக்கும், படிக்க முடியாது. சாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள் இருக்கும். அதை ஒரு பழைய சாதகச் சுவடிக்குப் பக்கத்தில் மாட்டினால், ஊர் மரபிலிருந்து எடுத்தவர் என்று கண் சொல்லும். ஒரு ஐரோப்பிய அரூப ஓவியத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் அதே படம் வேறு பேச்சைப் பேசும். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்தில், சென்னை ஓவிய இயக்கத்து மற்றவர்களோடு சேர்த்துப் பார்க்கும்போது இன்னொன்று. படம் மாறவில்லை, அண்டை வீடு மாறியிருக்கிறது. அந்த அண்டை வீட்டைத் தீர்மானிப்பவருக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

காப்பவர் கண்காட்சி அமைப்பவராக ஆன இந்த மாற்றம் உலக அளவிலும் பழையது இல்லை. 1969-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய ஒரு கண்காட்சியை நடத்திவிட்டு அந்த ஊர்க் கலைக்கூடத்தின் இயக்குநர் பதவியை விட்டு வெளியேறிய ஹரால்ட் சீமான், தன்னைக் கியூரேட்டர் என்றே சொல்லிக்கொள்ளவில்லை. ஜெர்மன் மொழியில் 'கண்காட்சி செய்பவர்' என்ற பொருளில் ஒரு சொல்லை வைத்துக்கொண்டார். 1972-இல் ஜெர்மனியின் காஸல் நகரில் அவர் பொறுப்பில் ஐந்தாவது டாக்குமெண்டா என்ற பெருங்கண்காட்சி நடந்தபோது, டானியல் பியூரன் என்ற பிரெஞ்சு ஓவியர் அதில் கலந்துகொண்டே, இங்கே கண்காட்சிதான் கலைப்படைப்பு ஆகிவிட்டது, நாங்கள் அதில் வண்ணத் தீற்றல்கள் ஆகிவிட்டோம் என்ற கருத்தில் எழுதினார். பிரெஞ்சுக்காரர்களோ 'கொமிஸேர்' என்று ஆணையர் வாடை அடிக்கும் சொல்லைப் புழங்குகிறார்கள். ஆக, லத்தீனுக்குச் சொந்தக்காரர்களே வேரைக் கட்டிக்கொண்டு அழவில்லை. நாம் ஏன் அழ வேண்டும்?

காப்பாளர் பிடிக்காதவர்கள் வேறு சொற்களையும் முயன்றிருக்கிறார்கள். 'ஒருங்கிணைப்பாளர்' என்றால் நாற்காலிக்கும் தேநீருக்கும் ஆள் சொல்பவர். 'பொறுப்பாளர்' என்றால் ஏதாவது உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர். 'கலை இயக்குநர்' என்று கோடம்பாக்கம் இருக்கும் ஊரில் எழுதினால், படத்துக்கு செட் போட்டவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 'காட்சிப்படுத்துநர்' என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். இரண்டு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். 'பராமரிப்பாளர்' இயந்திர மொழிபெயர்ப்பின் கொடை. அது ஒரே ஒரு கியூரேட்டருக்குப் பொருந்தும், அவர் சேப்பாக்கத்தில் இருக்கிறார். ஆடுகளத்துக்குத் தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி, புல்லை எவ்வளவு விடுவது என்று பார்ப்பவரை ஆடுகளப் பராமரிப்பாளர் என்று நம் நாளிதழ்கள் எழுதுவது சரி.

எனக்கு ஒரு சோதனை உண்டு. பெயர்ச்சொல்லாக மட்டும் நிற்கும் கலைச்சொல் பாதிச் சொல். வினையாக்கிப் பார்க்க வேண்டும். கியூரேட் செய்தார் என்பதைக் காப்பாளர்க் கட்சி எப்படிச் சொல்லும்? 'இக்கண்காட்சியைக் காத்தவர்' என்றா? யாரிடமிருந்து, திருடனிடமிருந்தா? 'காப்பாட்சி செய்தார்' என்றால் பேரிடர் காலத்து அரசாணை போல இருக்கிறது.

'தொகு' என்ற வினையை எடுத்துப் பாருங்கள். தொகுத்தார், தொகுத்தவர், தொகுப்பு, தொகை. இதைப் புதிதாகச் செதுக்க வேண்டியதில்லை, எட்டுத்தொகை என்ற பெயரிலேயே இருக்கிறது. பலர் பல காலத்தில் தனித்தனியாகப் பாடிய பாட்டுகளைப் பார்த்து, சிலவற்றை எடுத்து, ஒரு முறை வைத்து அடுக்கியவர்களுக்கு நம் மரபு தொகுத்தவர் என்றே பெயர் சொல்கிறது. குறுந்தொகைக்குப் பூரிக்கோ. ஐங்குறுநூற்றுக்குப் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். அகநானூற்றுக்கு உருத்திரசன்மன்.

அந்த உருத்திரசன்மன் செய்ததைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அகநானூற்றில் ஒற்றைப்படை எண் கொண்ட பாட்டு எல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி. நான்கில் முடிபவை முல்லை, ஆறில் முடிபவை மருதம், பத்து இருபது என்று வருபவை நெய்தல். பாடிய புலவர் யாரும் தன் பாட்டுக்கு எண் போட்டுக் கொடுக்கவில்லை. வரிசை முழுக்கத் தொகுத்தவர் வேலை. வாசிப்பவர் ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் ஒரு பாலையைக் கடந்துதான் அடுத்த நிலத்துக்குப் போக முடியும். அதன் மேல் மூன்று பகுதிகளாகப் பிரித்து, களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக்கோவை என்று பெயர்களும் உண்டு. பவளத்துக்கு நடுவே மணியைக் கோத்த மாதிரி. எதற்குப் பக்கத்தில் எது என்ற கேள்விக்கு இதைவிடத் துப்புரவான பதில் எந்த வெள்ளைச் சுவர்க் கூடத்திலும் நான் பார்த்ததில்லை.

தொகுத்தவர் பெயரைச் சொல்லும் பழைய குறிப்புகளில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: தொகுப்பித்தவர். ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை, அகநானூற்றுக்குப் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. காசும் இடமும் கொடுத்துச் செய்வித்தவர்கள். இன்றைக்கு அறக்கட்டளை, தூதரகக் கலாசார மையம், வங்கி என்று சுவர் முழுக்க முத்திரைகளாக நிற்பவர்கள் இவர்கள்தான். 'வழங்குபவர்', 'ஆதரவு', 'உடன் இணைந்து' என்று எதையெதையோ எழுதித் தடுமாறுகிறார்கள். தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். யார் பெயர் முதலில் வர வேண்டும் என்ற சண்டையும் இந்த இரண்டு சொல்லுக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

எதிர்ப்பு வரும், தெரியும். தொகுப்பாளர் என்றால் தொலைக்காட்சியில் ஒலிவாங்கி பிடித்து நிற்பவர் அல்லவா என்பார்கள். அவர் தொகுத்து வழங்குபவர். 'வழங்கு' உதிர்ந்து போய் மிச்சத்தை அவர் எடுத்துக்கொண்டார். அந்தக் குழப்பம் வேண்டாம் என்றால் பதவிப் பெயராகக் 'காட்சித் தொகுப்பாளர்' என்றும், சுவரில் 'தொகுத்தவர்' என்றும் எழுதலாம். ஆணா பெண்ணா என்ற தொல்லையும் கிடையாது. படங்களை வாங்கிச் சேர்ப்பவரோடு குழம்புமே என்று கேட்டால், அவர் சேகரிப்பாளர், அவரிடம் இருப்பது சேகரிப்பு. 'தொகுப்பாசிரியர்' என்று சிலர் சொல்வதில்தான் எனக்குத் தயக்கம். ஆசிரியர் என்று அழைத்துவிட்டால் பியூரனின் புகாரை நாமே கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகும்.

பேச்சில் கியூரேட்டர் என்றே சொல்லிவிட்டுப் போகட்டுமே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் அப்படித்தான் பேசுகிறேன். கேன்வாஸ், ஃபிரேம் எதுவும் என் காதை உறுத்துவதில்லை. எழும்பூர்க் கவின்கலைக் கல்லூரி வாசலில் நின்று தூய தமிழ் பேசினால் டீக்கடைக்காரர் சிரிப்பார். என் கோபம் தமிழ் என்று போர்டு மாட்டிக்கொண்டு புரியாததை எழுதுகிறவர்கள் மேல். படத்துக்குக் கீழே ஒட்டும் சின்ன அட்டையைப் பாருங்கள். 'கேன்வாஸ் மீது எண்ணெய்' என்று இருக்கிறது. துடைக்கத் துணி தேடத் தோன்றுகிறது. 'எண்ணெய் வண்ணம், கித்தான்' என்றால் என்ன குறைந்துவிடும்? 'நிறுவல்' என்று ஒன்று, கைப்பேசியில் செயலி ஏற்றுவதற்கும் அதே சொல், அறை முழுக்கக் கயிறும் மண்ணும் தொங்கவிட்டதற்கும் அதே சொல். 'தனிநபர் கண்காட்சி' என்று வருமான வரிப் படிவத்து மொழி. தனிக்காட்சி என்றால் போதாதா? இவற்றை எழுதுபவர் அந்தப் படத்துக்கு எதிரே ஒரு நிமிடம் நின்றிருக்க மாட்டார் என்று சத்தியம் செய்வேன். ஆங்கிலக் கோப்பு மின்னஞ்சலில் போயிருக்கும், மறுநாள் தமிழ்க் கோப்பு திரும்பி வந்திருக்கும், அச்சகத்துக்குப் போயிருக்கும். நடுவில் தமிழ் படிக்கிற ஒரு கண்கூட அதன் மேல் பட்டிருக்காது. இதற்கிடையில் பட்டுப்புடவைக் கடை 'கியூரேட்டட் கலெக்‌ஷன்' என்றும், உணவகம் 'கியூரேட்டட் மெனு' என்றும் எழுதத் தொடங்கிவிட்டன. பொறுக்கியெடுத்தது என்பதற்கு மேல் அங்கே ஒரு பொருளும் கிடையாது.

என் சொல்லிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. தொகு என்றால் தொகுக்க முன்னமே ஏதாவது இருக்க வேண்டும். பியனாலே என்றால் ஈராண்டுக்கு ஒருமுறை என்று நடத்தும் பெரிய கண்காட்சி. 2012-இல் தொடங்கிய கொச்சி பியனாலேயிலும் 2016-இல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பியனாலேயிலும் நடப்பது எல்லாம் அப்படி இல்லை. ஓர் இடத்தைக் காட்டி, இங்கே இந்த விஷயத்தை ஒட்டி ஏதாவது செய் என்று கலைஞரைக் கேட்டு வாங்குவதும் உண்டு. அங்கே கியூரேட்டர் வருவதற்கு முன் படைப்பே கிடையாது. அந்தப் பாதி வேலையைத் 'தொகுத்தவர்' முழுதாகப் பிடிக்காது. நவீன நாடகக்காரர்கள் சொல்லும் 'நெறியாளர்' அங்கே கொஞ்சம் கிட்டே வருகிறது, ஆனால் முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் ஆய்வு வழிகாட்டிக்காக அதை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறார்கள். சரியான சொல் கிடைக்கும் வரை அந்த ஒரு வகைக்கு மட்டும் கியூரேட்டர் என்றே எழுதிக்கொள்ளலாம்.