சிறு வயதிலேயே பிபியா? பொட்டாசியத்தையும் பாருங்கள்

“எங்க குடும்பத்துல எல்லாருக்கும் பிபி உண்டு டாக்டர்” என்று சொல்பவர்களில் பலர், இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்ற முடிவோடுதான் வருகிறார்கள். பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆளுக்கு ஆள் ரத்த அழுத்தம் வேறுபடுவதில் ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம் மரபணுவால் வருவது. ஆனால் அது இரண்டு விதமாக வருகிறது. இரண்டுக்கும் பார்க்க வேண்டிய வைத்தியம் வேறு.

பெரும்பாலானோருக்கு இருப்பது முதல் விதம். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை அலசி 2018-இல் வெளியான ஆய்வோடு சேர்த்து, ரத்த அழுத்தத்துடன் தொடர்புள்ள மரபணு இடங்கள் 901 என்று கணக்காயின. ஒவ்வோர் இடமும் தனியாக ஏற்றுவது பெரும்பாலும் 1 மி.மீ.கூட இருக்காது. அதனால் இவர்கள் காசு கொடுத்து மரபணுப் பரிசோதனை செய்வதில் பயனில்லை. எந்த மாத்திரை என்று அது சொல்லாது. உப்பை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்துவதும் எடை குறைப்பதும் வழக்கமான மாத்திரைகளும் இவர்களுக்கு நன்றாகவே கேட்கும்.

இரண்டாவது விதம் அரிது. ஒரே ஒரு மரபணு பழுதாகி, பிபியை 20 வயதிலேயே 170, 180-க்குக் கொண்டுபோய்விடும். இப்படிக் கண்டறியப்பட்ட பழுதுகளில் பெரும்பாலானவை சிறுநீரகம் உப்பைக் கையாளும் இடத்தில்தான் இருக்கின்றன. சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதிலுள்ள சோடியத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கடைசிச் சில சதவீதம் எவ்வளவு உள்ளே வரலாம் என்பதை அல்டோஸ்டிரோன் ஹார்மோன், குழாயின் கடைக்கோடியில் உள்ள சோடியம் வாயில்களைக் கொண்டு தீர்மானிக்கிறது. இந்த ஒற்றை மரபணு நோய்களில் ஒன்றான லிடில் நோயில் அந்த வாயில் புரதத்தின் வால் பகுதி சிதைந்திருக்கும். வேலை முடிந்த வாயிலைச் செல் உள்ளே இழுத்து அழிக்க அந்த வால் வேண்டும். அது இல்லாததால் வாயில்கள் மேற்பரப்பிலேயே திறந்து கிடக்கும். சோடியம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், பொட்டாசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த நோயாளிக்கு ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தால் பலன் இருக்காது. அந்த மருந்து தடுப்பது அல்டோஸ்டிரோனை. இங்கே அதுவும், அதைத் தூண்டிவிடும் சிறுநீரகச் சுரப்பான ரெனினும் ஏற்கெனவே அடங்கித்தான் இருக்கும். வாயிலையே அடைக்கும் அமிலோரைடு என்ற மருந்துதான் வேண்டும், கூடவே உப்பும் குறைய வேண்டும். இதே வகையைச் சேர்ந்த கார்டன் நோயில் நிலைமை நேரெதிர்: பொட்டாசியம் கூடியிருக்கும், தயசைடு நீர் மாத்திரை சிறிய அளவிலேயே நன்றாகக் கேட்கும்.

சொந்தத்தில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் சிறுநீரக நொதி பிறவியிலேயே குறைந்திருந்தால், கார்டிசால் அல்டோஸ்டிரோனைப் போல வேலை செய்து குழந்தைப் பருவத்திலேயே பிபியை ஏற்றும். அதிமதுரம் தடுப்பதும் இதே நொதியைத்தான். இருமலுக்கென்று வாரக்கணக்கில் அதிமதுரப் பொடி சாப்பிடுபவர் பிபி கூடி, பொட்டாசியம் இறங்கி வந்தால், மரபணுவைத் தேடும் முன் அதை நிறுத்திப் பாருங்கள்.

இந்த ஒற்றை மரபணு நோய்களை எப்போது சந்தேகிப்பது? 30 வயதுக்கு முன் பிபி, உடல் பருமன் இல்லை. மூன்று மருந்துக்கும் அடங்கவில்லை. நீர் மாத்திரை எடுக்காமலே ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 mmol/L-க்குக் கீழ், குடும்பத்தில் யாருக்காவது 40 வயதுக்குள் மூளையில் ரத்தக்கசிவு. பொட்டாசியம் சரியாக இருப்பதாலேயே இந்த நோய்கள் இல்லை என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

பரிசோதனை தவறுவது பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் இடத்தில். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னால் தசையிலிருந்து பொட்டாசியம் கசியும், 3.1 இருப்பது 3.8 என்று வந்து, எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள். விரல்களை அசைக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். அல்டோஸ்டிரோன், ரெனினுக்குக் காலையில் எழுந்து 2 மணி நேரமாவது நடமாடிவிட்டு, 5 முதல் 15 நிமிடம் உட்கார்ந்தபின் ரத்தம் கொடுக்க வேண்டும். குறைந்த பொட்டாசியத்தை முன்பே சரிசெய்திருக்க வேண்டும். ரெனின் மாதிரியை ஐஸில் வைத்து அனுப்பினால் அளவு பொய்யாகக் கூடும். ஸ்பைரோனோலாக்டோனை 4 வாரம் நிறுத்த வேண்டியிருக்கும். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் மாற்று மருந்து கொடுத்துத்தான் நிறுத்துவார்.

ஒருவருக்கு லிடில் நோய் உறுதியானால், அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் அதேதான். தலைவலி வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே அளக்க வேண்டும். சிறுவர்களுக்கு அளக்கும்போது கைக்கேற்ற சிறிய பட்டையைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுக்கான பட்டையைச் சுற்றினால் பிபி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.