வைரஸை நீக்கியாயிற்று, அது எடுத்துப்போனது?

கணினி திடீரென்று மந்தமாகிறது. பிரௌசரைத் திறந்தால் கேட்காத பக்கம் வந்து நிற்கிறது. நாம் அனுப்பாத மின்னஞ்சல் நம் பெயரில் நண்பர்களுக்குப் போயிருக்கிறது. இதைக் கண்டதும் பெரும்பாலோர் இரண்டு காரியம் செய்கிறார்கள். அதே கணினியில் தேடி, கண்ணில் படும் முதல் இலவச ஆண்டிவைரஸை இறக்கி நிறுவுகிறார்கள். பிறகு பதற்றத்தில் அதே கணினியிலிருந்தே வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். முதலாவது, போலி ஆண்டிவைரஸ் விற்பவர்களிடம் நேராகக் கொண்டுபோய் விடும். இரண்டாவது இன்னும் மோசம். தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்யும் கீலாகர் உள்ளே இருந்தால், புதிய பாஸ்வேர்டையும் நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

எந்தக் கருவியால் துடைக்கிறோம் என்பதைவிட எந்த வேலையை முதலில் செய்கிறோம் என்பதுதான் இங்கே சேதத்தைத் தீர்மானிக்கிறது.

முதல் வேலை இணையத்தைத் துண்டிப்பது. வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். திருடிய தகவலை அனுப்பவும், அடுத்த கட்டளையை வாங்கவும், வீட்டிலுள்ள மற்றக் கணினிகளுக்குத் தாவவும் வைரஸுக்கு நெட்வொர்க் வேண்டும். பேக்கப் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் உடனே கழற்றுங்கள். "எதற்கும் ஒரு காப்பி எடுத்துவிடுவோம்" என்று இந்த நேரத்தில் அதைக் கொண்டுவந்து செருகவே வேண்டாம்.

இரண்டாவது வேலைக்குக் கணினி தேவையில்லை, ஃபோன் போதும். ஏன் என்று புரிந்துகொள்ள, இன்ஃபோஸ்டீலர் எனப்படும் தகவல் திருடும் ஸ்பைவேரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது கணினியை மந்தமாக்காது, விளம்பரம் காட்டாது. ஓடத் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கீகள், கார்டு விவரங்கள், கிரிப்டோ வாலட் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டு, பல நேரம் தன்னையே அழித்துக்கொள்ளும். மறுநாள் ஸ்கேன் செய்தால் எதுவும் இல்லை என்றே வரும். அது உண்மையும்கூட; நிரல் இல்லை, ஆனால் பொருள் போயாயிற்று.

இதில் பாஸ்வேர்டைவிட ஆபத்தானது குக்கீ. மின்னஞ்சலில் ஒருமுறை உள்நுழைந்தபின் அடுத்த முறை பாஸ்வேர்டு கேட்காமல் திறப்பதற்குக் காரணம் அதுதான். வாசலில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கையில் குத்தி அனுப்பும் முத்திரை மாதிரி. அந்தக் குக்கீயை எடுத்துத் தன் கணினியில் பொருத்திக்கொள்பவரிடம் தளம் பெரும்பாலும் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. இரண்டையும் தாண்டி ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தும் கணக்கு எப்படிப் பறிபோனது என்ற கேள்விக்குப் பல நேரம் விடை இங்கேதான் இருக்கிறது. விண்டோஸில் குரோம் 127ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2024 முதல், குக்கீகளுக்குக் கூடுதல் பூட்டு வந்தது. சில மாதங்களிலேயே அதைத் தாண்டும் ஸ்டீலர்களும் வந்துவிட்டன.

ஆகவே ஃபோனில் முதலில் மின்னஞ்சல் கணக்கைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' இணைப்பு வருவது அங்கேதான் என்பதால் அதுவே முதலிடம். மாற்றியதோடு நிற்காமல், 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியைக் கட்டாயம் அழுத்துங்கள். திருடப்பட்ட குக்கீ செல்லாமல் போவது அப்போதுதான். பிறகு அமைப்புகளுக்குள் போய் மூன்று இடங்களைப் பாருங்கள்: மின்னஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஃபார்வர்டிங் விதி, மீட்புக்கான ஃபோன் எண்ணும் முகவரியும், கணக்கை அணுக அனுமதி பெற்றுள்ள வெளிச் செயலிகள். பாஸ்வேர்டை மாற்றினாலும் இவை அப்படியே இருக்கும் என்பதால் திருடர்கள் இங்கேதான் கால் ஊன்றுகிறார்கள். அடுத்து வங்கி, அதன்பின் சமூக ஊடகங்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைப் பார்த்துத் தெரியாததை நீக்குங்கள். கார்டு எண் பிரௌசரில் சேமித்திருந்தால் வங்கியை அழைத்துக் கார்டை முடக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் கணினி.

மந்தமாவது எல்லாமே வைரஸ் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாகப்போகும் ஹார்ட் டிஸ்க், போதாத ரேம், பின்னணியில் ஓடும் விண்டோஸ் அப்டேட் ஆகியவையும் அதே அறிகுறியைத் தரும். உண்மையில் சந்தேகப்பட வேண்டியவை வேறு. ஆண்டிவைரஸ் தானாக அணைந்து கிடப்பது, ஆண்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்க மறுப்பது, நீங்கள் வைக்காத தேடுபொறி எத்தனை முறை மாற்றினாலும் திரும்பி வருவது, ஃபேன் இரைந்துகொண்டே இருந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்த நொடியில் அடங்கிவிடுவது. கடைசியாகச் சொன்னது, நம் கணினியின் உழைப்பில் பிறருக்குக் கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனர் நிரல்களின் பழக்கம். டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கும்வரை ஒளிந்திருந்து, மூடியதும் மீண்டும் தொடங்கும்.

ஸ்கேன் தொடங்குமுன் விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே' என்று, விண்டோஸோடு வரும் ஆண்டிவைரஸான டிஃபெண்டருக்குச் சொல்லும் இடம் அது. லைசன்ஸ் பூட்டை உடைத்துக் கிராக் செய்த மென்பொருளை நிறுவியவர்களின் கணினியில், பல நேரம் ஒட்டுமொத்த சி டிரைவுமே அந்தப் பட்டியலில் இருக்கும். அதை நீக்காமல் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் பலன் இல்லை. நெட் துண்டித்திருப்பதால், வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து ஓட்டலாம். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும். பழைய பிரதியை வைத்திருந்து பயன்படுத்த முடியாது. வேலை முடிந்ததும் அந்தப் பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

அடுத்து ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதியில் இருக்கும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி மறுதொடக்கமாகி, வழக்கமான விண்டோஸ் எழும்புமுன்பே சோதனை நடக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். ரூட்கிட் போன்றவை விண்டோஸ் ஓடும்போது தங்கள் கோப்புகளைக் காட்டாமல் மறைக்கும். விண்டோஸ் ஓடாதபோது அந்த வித்தை பலிக்காது. இன்னொரு கருத்து வேண்டுமென்றால் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு போதும். ஆனால் எப்போதும் விழித்திருந்து காவல் காக்கும் ஆண்டிவைரஸ் இரண்டை ஒரே கணினியில் வைக்காதீர்கள். ஒரே கோப்பை இரண்டும் பிடித்துக்கொண்டு கணினி திணறும். கணினியோடு வந்த சோதனைப் பதிப்பு ஆண்டிவைரஸ் சந்தா முடிந்து கிடந்தால் அதை முழுவதுமாக நீக்குங்கள். அது போனதும் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்கும்.

நீக்கிய வைரஸ் ரீஸ்டார்ட் செய்ததும் திரும்பி வருகிறதா? அப்படியென்றால் அதைத் திரும்ப அழைக்கும் ஏதோ ஒரு பதிவு உள்ளே மிச்சம் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதி காட்டுவது அதில் சிறு பங்குதான். டாஸ்க் ஷெட்யூலர், சர்வீஸ்கள், விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் பல மூலைகள் என ஒளிய இடம் ஏராளம். இதற்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அட்மினாகத் திறந்து, மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும் தெரிவையும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் தெரிவையும் போட்டால் பட்டியல் பாதியாகச் சுருங்கும். இளஞ்சிவப்பு வரிகளுக்கு வெளியீட்டாளர் யாரென்ற ஆதாரம் இல்லை. மஞ்சள் வரிகளில் பதிவு இருக்கிறது, கோப்பு இல்லை. இளஞ்சிவப்பு எல்லாமே திருட்டு நிரல் அல்ல. சிறு நிறுவனங்களின் நல்ல மென்பொருளும் அதில் வரும். கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆப்டேட்டா, டெம்ப் ஃபோல்டர்களிலிருந்து ஓடுவது, அர்த்தமற்ற எழுத்துகளைப் பெயராகக் கொண்டது, கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் நிரலான பவர்ஷெல்லைக் கூப்பிட்டு நீளமான புரியாத எழுத்துச் சரத்தைக் கொடுப்பது ஆகியவை வலுவான சந்தேகம். எஸ்விசிஹோஸ்ட் என்ற விண்டோஸ் நிரலின் பெயரைத் திருடிக்கொள்வது பழைய தந்திரம். அசல் இருப்பது சிஸ்டம்32 ஃபோல்டரில். அதே பெயர் ஆப்டேட்டாவில் இருந்தால் போலி. எதையும் எடுத்தவுடன் அழிக்காமல், முதலில் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். தவறாக எடுத்திருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

பிரௌசரில் பிடிவாதமாகத் திரும்பி வரும் எக்ஸ்டென்ஷன்களுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சிங்க். கணினியில் நீக்கினாலும் உங்கள் கணக்கில் பதிந்திருப்பதால் மறுபடி இறங்கிவிடும். சிங்க்கை நிறுத்திவிட்டு நீக்க வேண்டும். மற்றொன்று, குரோம் மெனுவில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற வரி. வீட்டுக் கணினியில் நீங்களே எதையும் அமைக்காமல் அது தெரிந்தால், ஏதோ ஒரு நிரல் ரெஜிஸ்ட்ரியில் பாலிசி, அதாவது கட்டாய விதி, எழுதி எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக்கியிருக்கலாம். சில ஆண்டிவைரஸ்களும் இந்த வரியை வரவைக்கும் என்பதால் பாலிசிப் பக்கத்தைத் திறந்து என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தபின் முடிவு செய்யுங்கள். திரையின் மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று வந்துகொண்டே இருப்பது பெரும்பாலும் வைரஸே அல்ல. எப்போதோ ஒரு தளத்துக்குக் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி. அதை ரத்து செய்தால் நின்றுவிடும். அதில் வரும் ஃபோன் எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் அழைக்காதீர்கள்.

பென் டிரைவில் ஃபோல்டர்கள் மறைந்து ஷார்ட்கட்கள் மட்டும் தெரிந்தால், ஷார்ட்கட்டைத் திறக்காதீர்கள், திறப்பதுதான் தொற்று. கோப்புகள் பெரும்பாலும் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. சுத்தமான கணினியில் மறைந்த கோப்புகளையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி அமைத்தால், சில சமயம் பெயரே இல்லாததுபோல் ஒரு ஃபோல்டர் தெரியும். உங்கள் படங்களும் ஆவணங்களும் அதற்குள் இருக்கும். அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

எப்போது துடைப்பதை விட்டுவிட்டு விண்டோஸையே புதிதாக ஏற்ற வேண்டும்? டிஃபெண்டர் திறக்கவே மறுத்தால், கணினியைத் தொலைவிலிருந்து ஆட்டிவைக்கும் நிரல் இருந்திருந்தால், ஸ்டீலர் ஓடியது உறுதியானால், தயங்க வேண்டாம். வேறு கணினியில் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் வட்டு தயாரித்து, டிஸ்க்கிலுள்ள பழைய பார்ட்டிஷன்களை அழித்துவிட்டு நிறுவுங்கள். அதற்குமுன் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் காப்பி எடுங்கள். இன்ஸ்டாலர்கள், கிராக்குகள், ஷார்ட்கட்கள் எதுவும் வேண்டாம். டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டோடு பிணைந்திருப்பதால், அதே பதிப்பை ஏற்றினால் விண்டோஸ் பொதுவாகத் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இனி புதிதாக அதை ஏற்றுவது நல்லதல்ல.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் என்றால், பணம் கட்டுமுன் நோ மோர் ரேன்சம் தளத்தைப் பாருங்கள். 2016இல் யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது. பல வகைகளுக்கு இலவசமாகத் திறக்கும் கருவி அங்கே உண்டு. உங்கள் வகைக்கு இன்று இல்லையென்றாலும் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள். பின்னாளில் சாவிகள் வெளிவந்த வகைகள் இருக்கின்றன.

உள்ளே வரும் வழிகளில் இரண்டைச் சொன்னால் போதும். கிராக் மென்பொருள் பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக வருவது, ஆண்டிவைரஸால் உள்ளே பார்க்க முடியாமல் செய்யத்தான். 'நிறுவும்போது ஆண்டிவைரஸை அணைக்கவும்' என்ற குறிப்பும் அதற்கே. இன்னொன்று, 2024 முதல் பரவும் போலி கேப்ட்சா. 'நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய' விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, பேஸ்ட் செய்து, என்டர் தட்டச் சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு பவர்ஷெல் கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் வைத்திருக்கும். நீங்களே அதை ஓட்டிக்கொடுக்கிறீர்கள். உண்மையான எந்தக் கேப்ட்சாவும் பிரௌசருக்கு வெளியே எதையும் செய்யச் சொல்லாது. வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இந்த ஒன்றை உட்காரவைத்துக் காட்டிக்கொடுங்கள்.

கோப்பின் பின்னொட்டை விண்டோஸ் இயல்பாகவே மறைத்து வைக்கிறது. 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற கோப்பு வெறும் 'பில்.பிடிஎஃப்' என்று தெரிவது அதனால்தான். 2000ஆம் ஆண்டின் ஐ லவ் யூ வைரஸும் இதே மறைப்பைத்தான் பயன்படுத்தியது. எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவிடுங்கள். அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள்: 2017 மே 12 அன்று வானாக்ரை பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்றாட வேலைக்கு அட்மின் அல்லாத கணக்கு ஒன்று வைத்துக்கொண்டால், தவறி ஒன்றை ஓட்டினாலும் கணினி முழுவதும் வேரூன்றுவது கடினமாகும். பேக்கப் ஹார்ட் டிஸ்க்கைக் காப்பி எடுக்கும்போது மட்டும் செருகி, முடிந்ததும் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் செருகி, அதிலுள்ள நாலைந்து கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.