பதினோராம் மாதம் ஒரு போன்

நாகர்கோவிலில் கார் விற்பனையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஷோரூமுக்கு வருகிறவர்களிடம் எங்களை எப்படித் தெரியும் என்று கேட்டால், “மச்சான் இங்கதான் எடுத்தான்”, “சர்ச்ல ஒருத்தர் சொன்னாரு” என்ற பதில்தான் அதிகம். நம் மாவட்டத்தில் பல வீடுகளில் பணம் அனுப்பும் பிள்ளை வளைகுடாவில் இருப்பான். வண்டி பார்க்க வருவது அப்பாவும் மாமாவும். “அந்த ஷோரூம் பையன் சொன்னா சரியா இருக்கும்” என்று அப்பா போனில் சொல்லும் ஒரு சொல்லை நம்பித்தான் மகன் பணம் போடுகிறான்.

அந்த நம்பிக்கையை நானே ஒருமுறை உடைத்திருக்கிறேன். தக்கலைப் பக்கத்து ரப்பர் விவசாயி ஒருவருக்கு கார் கொடுத்தபோது, “இன்சூரன்ஸ் மூணு வருஷத்துக்கு இருக்கு சார்” என்றேன். அது பாதி உண்மை. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருடம் கட்டாயம் என்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கானது. நம் வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போடுவார்கள். அப்புறம் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். மாதக் கடைசி, டார்கெட் அவசரம், இதை நான் விளக்கவில்லை. இரண்டாம் வருடம் மழையில் வண்டி மதிலில் மோதியது. செலவு முழுவதும் அவர் கையிலிருந்து போனது. அவர் சத்தம் போடவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மக்களே” என்றார். அதன்பின் வெகுகாலம் அந்த ஊரிலிருந்து ஒரு புக்கிங்கூட எனக்கு வரவில்லை. வண்டியில் எந்தக் குறையும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் குளச்சல்காரர் ஒருவரிடம், “நீங்க கேட்ட கலர் மகன் லீவு முடியறதுக்குள்ள வராது, இப்பவே சொல்லிடுறேன்” என்றான். புக்கிங் போய்விடும் என்று நான் பயந்தேன். அவர் காத்திருந்து அதே கலரை எடுத்தார், தங்கையின் கணவரையும் அனுப்பி வைத்தார்.

கார் வாங்குகிறவர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். எக்ஸ் ஷோரூம் விலை, சாலை வரி, காப்பீடு, துணைப் பொருட்கள் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) என்று பிடிக்கும் 1 சதவீதத்தை வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். இதை நாங்களாகவே சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை.

ஷோரூம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சேல்ஸ் பிள்ளைகள் அடிக்கடி வேலை மாறுகிறார்கள். ஒருவர் போகும்போது, அவர் வண்டி கொடுத்த வீடுகளுக்கு அடுத்தவரைப் போனிலாவது அறிமுகம் செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்றே அவர்களுக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் டெலிவரி தேதியை நோட்டில் எழுதி வைத்து, அந்த ஒரு வருடக் காப்பீடு முடியும் முன்பே, பதினோராம் மாதம் நானே கூப்பிடுகிறேன். தக்கலைக்காரரையும் அடுத்த வருடம் கூப்பிட்டேன். காப்பீட்டை எங்களிடமே புதுப்பித்தார். அவர் மருமகன் கார் எடுத்தது வேறு ஷோரூமில்.