ஈசி மோடுக்கு மாற்றினால் மானம் போகாது

இந்த மாதத்தில் என்னிடம் சிகிச்சைக்கு வந்த நான்காவது ஆள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில் நன்றாக வீங்கியிருந்தது. கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னேன். பாதி சாய்ப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. டி குவெர்வெயின், அதாவது கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்களின் உறை தடித்து வலிப்பது. எங்களுக்கு அதற்குமேல் சோதனை பெரிதாகத் தேவைப்படாது.

விசாரித்தால், வீடியோ கேமில் மூன்று வாரமாக ஒரே பாஸிடம், அதாவது ஒரே பெரிய எதிரியிடம், தோற்றுக்கொண்டிருக்கிறார். அந்த கேமில் ஈசி மோடு இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. ஆனா நான் கேஷுவல் இல்லைங்க" என்றார். சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுபவர் இல்லையாம்.

கை, மணிக்கட்டு வலிக்கு பிசியோதெரபி செய்யும் எனக்கு இந்தப் பதில் மனப்பாடமே ஆகிவிட்டது.

கஷ்டமான கேம் ஆடுபவர் ஹார்ட்கோர், சுலபமான கேம் ஆடுபவர் கேஷுவல் என்ற கணக்கே தப்பு. டெட்ரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். விதிகளைக் கற்க ஒரு நிமிடம் போதும். நின்டென்டோவின் என்இஎஸ் கருவிக்கு அது 1989இல் வந்தது. அதற்குமேல் போக முடியாமல் கேமே உறைந்து நிற்கும் இடம் வரை ஒரு மனிதர் முதன்முதலாக ஆடிச் சென்றது 2023 டிசம்பரில்தான். ஆடியது 13 வயதுப் பையன். அதே டெட்ரிஸைத் தூக்கம் வரும்வரை பத்து நிமிடம் ஆடிவிட்டு மூடி வைப்பவரும் உண்டு. கேம் ஒன்றுதான், அதற்குக் கொடுக்கும் நேரமும் மனசும்தான் வேறு. 2012இல் வந்த கேண்டி க்ரஷ் சாகாவை எல்லோரும் கேஷுவல் பட்டியலில் போடுகிறார்கள். அதை ஒருநாள் விடாமல் வருடக்கணக்கில் ஆடுபவர்களை எந்தப் பட்டியலில் போடுவது? அவர்களுடைய கட்டைவிரலையும் நான் பார்க்கிறேன்.

இன்னொன்று. கடைகளில் நாணயம் போட்டு ஆடும் பழைய ஆர்கேட் கேம்கள் அத்தனை கஷ்டமாக இருந்ததில் வியாபாரக் கணக்கும் இருந்தது. ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தானே அடுத்த நாணயம் விழும்? பல இயந்திரங்களில், எத்தனை உயிர் தருவது என்பதை உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்சுகளை வைத்துக் கடைக்காரரே மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் கௌரவமாக நினைக்கும் டிஃபிகல்ட்டி, தொடக்கத்திலிருந்தே யாரோ திருப்பி வைத்த ஒரு செட்டிங்தான்.

கேம் செய்தவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. 1992இல் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி கேமில் மிக எளிய நிலையைத் தேர்ந்தெடுத்தால், நாயகன் குழந்தைத் தொப்பியும் வாயில் சூப்பானுமாக வருவான். கூச்சத்தை இப்படித்தான் பழக்கினார்கள். அந்தக் கூச்சம் இன்று வீங்கிய கையோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

கைக்குக் கஷ்டம் வேறு, புத்திக்குக் கஷ்டம் வேறு. செலஸ்ட் கேமின் அசிஸ்ட் மோடில் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாக 50 வரை இறக்கலாம். முட்களும் பள்ளங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். 2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 கேமில் இப்படி 60க்கும் மேற்பட்ட வசதிகள் உண்டு. ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக அழுத்திப் பிடித்தால் போதும் என்று மாற்றிக்கொள்ளலாம். எதிரியின் பலம் அதனால் ஒரு துளியும் குறையாது. செகிரோ போல டிஃபிகல்ட்டி தேர்வே இல்லாத கேம்களும் உண்டு. அது செய்தவர்களின் விருப்பம், அதில் எனக்குச் சண்டை இல்லை. கை வலித்தால் அதைச் சில வாரம் எடுத்து வையுங்கள், அவ்வளவுதான்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். புது கேம் தொடங்கும்போதே செட்டிங்ஸைத் திறந்து, தட்டுவதை அழுத்திப் பிடிப்பதாக மாற்றுங்கள். தோற்கத் தோற்கக் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடிக்கிறீர்கள், அது உங்களுக்கே தெரிவதில்லை. நாலைந்து முறை தோற்றால் எழுந்து நடங்கள். வலியோடு "இன்னும் ஒரே ஒரு முறை" வேண்டாம். கையை அசையாமல் தாங்கும் ஸ்பிளின்ட் கொடுத்திருந்தால், அதைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடி, அப்புறம் என்னிடம் மறைக்காதீர்கள். வீக்கத்தைத் தொட்டாலே தெரிந்துவிடும். கூட விளையாடும் தம்பி தங்கைகளைப் பார்த்து "ஈசி மோடா?" என்று சிரிக்காதீர்கள், தயவுசெய்து.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரவில் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பாஸை முடித்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.